பில் போட்ட நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடையே

கேள்வி: கையில் வேலை நிறைய இருந்தும் சிறிய கட்டுமான நிறுவனங்கள் நொடித்துப்போவது ஏன்? இந்தியா போன்ற வளரும் நாடுகளில் இத்தொழிலின் நிதி நெருக்கடிகள் எவை?

கிருஷ்ணகிரியில் ஒரு சிறு ஒப்பந்த நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவருகிறேன். பள்ளி வகுப்பறை, மழைநீர் வடிகால் போன்ற அரசு வேலைகளும், ஒசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் பெரிய நிறுவனங்களிடம் துணை ஒப்பந்தமாக எடுக்கும் கிடங்குத் தரை, சுற்றுச்சுவர் வேலைகளும் எங்களுடையவை. இந்த வட்டாரத்தில் நொடித்துப்போனவர்களாக நான் அறிந்த நால்வருமே வேலை இல்லாமல் நொடித்தவர்கள் அல்லர். கடையை மூடிய ஆண்டில்தான் அவர்களிடம் அதிக வேலை இருந்தது. செலவு வாராவாரம் போகிறது, வரவு மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது என்பதே என் பதில். மற்றவை எல்லாம் அந்த இடைவெளியை அகலமாக்குபவை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வேலையிடத்தில் மேஸ்திரி பேரேட்டுடன் வந்து நிற்பார். கொத்தனார், பெரியாள், சித்தாள், கம்பி கட்டுபவர், கான்கிரீட்டுக்கு அச்சு அடைக்கும் சென்ட்ரிங் ஆட்கள் என்று அந்த வாரத்தின் கூலி அன்றிரவுக்குள் கைமாறியாக வேண்டும். ஒரு முறை பாதித் தொகையை எண்ணிக் கொடுத்தபோது அவர் அதை வாங்காமலே, "சார், பாதியை நான் யாருக்குப் பிரிச்சுக் குடுக்கறது? திங்கக்கிழமை ஆளுங்க அத்திப்பள்ளி தாண்டிப் போயிருவாங்க" என்றார். ஒசூரை அடுத்த எல்லை ஊரான அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர்ப் பக்கம். அங்கே கூலி கூடுதல் என்பதால் அது மிரட்டல் அல்ல, வெறும் தகவல். அன்று முதலாளி வீட்டு நகை அடகுக்குப் போனது. அந்த வாரம் போட்ட கான்கிரீட்டுக்கான பணம் எங்கள் கணக்கில் ஏற நான்கு மாதங்கள் ஆயின.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 30 லட்ச ரூபாய்க்கு ஒரு பில், அதில் 8 சதவீத லாபம் என்று வைத்துக்கொண்டால் நமக்கு மிஞ்ச வேண்டியது 2.40 லட்சம். பணம் வரும்வரை வேலையை ஓட்ட 20 லட்சத்தை இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு வாங்கினால், நான்கு மாதத்தில் வட்டி மட்டும் 1.60 லட்சம். ஆறு மாதமானால் லாபம் முழுவதும் வட்டிக்கடைக்குப் போய்விடும். வேலையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் தொழில் நஷ்டம். வங்கியில் வட்டி குறைவுதான். ஆனால் வங்கி கேட்பது அடமானத்துக்குச் சொத்து. இயந்திரங்களையும் சென்ட்ரிங் தகடுகளையும் தவிர வேறு சொத்தில்லாத ஒப்பந்ததாரர் வட்டிக்காரரிடம்தான் போகிறார்.

வரி இதற்காகக் காத்திருப்பதில்லை. பில் போட்டுவிட்டால், பணம் வந்ததோ இல்லையோ, 18 சதவீத ஜிஎஸ்டியில் நாம் கட்ட வேண்டிய பங்கை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சிமெண்ட், கம்பிக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். கூலிக்கு அப்படிக் கழிக்க எதுவும் இல்லை. எனவே ஆள் வேலை அதிகமுள்ள பில்லில் ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரியும் அதிகம். தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அரசு வேலை என்றால் வருமான வரிப் பிடித்தம், ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம், தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், பழுதுப் பொறுப்புக் காலம் (கட்டி முடித்தபின் பழுது வந்தால் நாமே சரிசெய்து தர வேண்டிய காலம்) முடியும்வரை நிறுத்திவைக்கும் தொகை எல்லாம் போகத்தான் மீதி கைக்கு வரும். 2022 ஜூலை 18 முதல் பெரும்பாலான அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்ந்தபோது, வரியையும் சேர்த்தே விலை சொல்லியிருந்தவர்களின் பாடு திண்டாட்டமானது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி 45 நாட்களுக்குமேல் தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். ஆனால் கட்டுமான ஒப்பந்தம் அச்சட்டத்துக்குள் வருமா என்பதில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் ஒன்றுபோல் இல்லை. வந்தாலும், புகார் கொடுத்தவருக்கு அடுத்த வேலை கிடைக்காது என்பதால் எங்களில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. துணை ஒப்பந்தக்காரருக்கு எப்போதும் கிடைக்கும் பதில், "மேலேயிருந்து வந்ததும் தர்றோம்" என்பதே. மலேசியா 2012இல் கட்டுமானப் பணப்பட்டுவாடாவுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, இந்த "மேலேயிருந்து வந்தால்" நிபந்தனையைச் செல்லாததாக்கி, வழக்குக்குப் போகாமல் சில மாதங்களிலேயே தீர்ப்புப் பெறவும் வழி செய்தது. என்னைக் கேட்டால், மானியக் கடன் திட்டங்கள் பத்தைவிட இப்படி ஒரு சட்டம் நமக்கு அதிகம் உதவும்.

விலையேற்றம் அடுத்தது. சிறு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் விலை உயர்வை ஈடுகட்டும் பிரிவு இருப்பதில்லை. உக்ரைன் போர் தொடங்கிய 2022இல் கம்பி விலை ஏறிய வேகத்தில், மே மாதம் மத்திய அரசு எஃகுக்கு ஏற்றுமதி வரி போட்டுத்தான் அதை அடக்கியது. அதற்குள் நாங்கள் பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட ஒரு வகுப்பறைக் கட்டடத்தைக் கைப்பணம் போட்டு முடித்திருந்தோம். கருங்கல்லுக்குப் பேர்போன இந்த மாவட்டத்திலேயே ஜல்லி கிடைக்காத நாட்களும் உண்டு: 2025 ஏப்ரலில் கனிமம் உள்ள நிலத்துக்கு மாநில அரசு போட்ட வரியை எதிர்த்துக் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஆட்களுக்கு உட்கார வைத்துக் கூலி கொடுத்தோம். இறக்குமதியை நம்பிய நாடுகளில் இது இன்னும் கொடுமை. இலங்கையில் 2022இல் சில மாதங்களுக்குள் டாலர் மதிப்பு சுமார் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது, சிமெண்டும் கம்பியும் ஒப்பந்த விலைக்கு எட்டாமல் போய், அரசுத் திட்டங்களும் நின்று, கட்டுமானத் தொழிலே முடங்கியது.

இந்த நெருக்கடியில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு, நாங்களும் செய்தோம். முதல் வேலையின் கடனை அடைக்க இரண்டாவது வேலையை எடுத்து, அதன் முன்பணத்தை முதல் வேலையின் கூலிக்குப் போட்டோம். முன்பணம் வேண்டும் என்பதற்காகவே விலையைக் குறைத்து ஒப்புக்கொண்டதால், இரண்டாவது வேலை தொடங்கும்போதே நஷ்டத்தில் இருந்தது. மூன்றாவது வேலையைக் கையெழுத்திடும் முன்பு முதலாளியிடம், "அண்ணா, இதை எடுத்தால் ஆறு வாரக் கூலி நம் கையிலிருந்து போட முடியுமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறோம். ஆறு வாரக் கூலி கையில் இல்லாத வேலைக்கு விலைப்புள்ளி கொடுப்பதில்லை. விற்றுமுதல் பாதியாகிவிட்டது. அடகு நகை மீண்டுவிட்டது. ஒரு வடிகால் வேலையில் நிறுத்திவைத்த தொகை மட்டும், பழுதுப் பொறுப்புக் காலம் முடிந்து பதினொரு மாதமாகியும் இன்னும் வரவேண்டியிருக்கிறது. இந்தப் பதிலை எழுதி முடித்ததும் அதற்கான நான்காவது நினைவூட்டுக் கடிதத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும்.