செவ்வாய்க்கு நொடியில் செய்தி: ஃபோட்டான் ஜோடி கைகொடுக்குமா?

கேள்வி: இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குவாண்டம் பின்னலில் உள்ள (எவ்வளவு தள்ளி இருந்தாலும் ஒரே கோணத்தில் அளந்தால் ஒரே விடை தரும்) இரண்டு ஃபோட்டான்களில், அதாவது ஒளித்துகள்களில், ஒன்று என்னிடம், இன்னொன்று செவ்வாயில் நண்பனிடம். என் போலரைசரை (ஒளி அதிரும் திசையைப் பொறுத்து அதைக் கடக்கவிடும் வடிகட்டி) நேராக வைத்தால் 0, 45 டிகிரி சாய்த்தால் 1. உடனே செய்தி போய்விடாதா? புராஜெக்டாக எடுக்கலாமா?

போகாது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஃபோட்டான் கடக்குமா கடக்காதா என்ற விடை உங்கள் கையில் இல்லை, எந்தக் கோணத்தில் அளப்பது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது, அதையே குறியாக்கப் பார்க்கிறீர்கள். சிக்கல் நண்பன் பக்கம். நீங்கள் நேராக வைத்து அளந்தாலும் சாய்த்து அளந்தாலும், அளக்காமல் சும்மா இருந்தாலும்கூட, அவர் போலரைசரை எந்தக் கோணத்தில் திருப்பி வைத்தாலும் பாதி ஃபோட்டான் கடக்கும், பாதி கடக்காது. ஒரு லட்சம் ஜோடி அனுப்பினாலும் அதே கதைதான். இருவரின் விடைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்தால்தான் ஒற்றுமை தெரியும். அந்தப் பட்டியல் ரேடியோவில்தான் போயாக வேண்டும், செவ்வாய்க்கு எப்படியும் 3 முதல் 22 நிமிடம்.

சரி, நண்பன் தன் ஒற்றை ஃபோட்டானை ஆயிரம் நகல் எடுத்துவிட்டால்? நேர் போலரைசரில் எல்லாம் கடந்தாலோ எதுவுமே கடக்காவிட்டாலோ 0, பாதி கடந்தால் 1. இயற்பியலாளர் நிக் ஹெர்பர்ட் இதைத்தான், லேசரால் நகலெடுக்கலாம் என்று, 1980களின் தொடக்கத்தில் கட்டுரையாக எழுதினார். இதழுக்காக அதை மதிப்பாய்வு செய்த இயற்பியலாளர் ஆஷர் பெரெஸ் தப்பு என்று தெரிந்தே அச்சிடப் பரிந்துரைத்தார், தப்பு எங்கே என்று தேடுவதில் ஏதாவது கிடைக்கும் என்று. கிடைத்தது! 1982இல் வூட்டர்ஸும் ஜூரெக்கும் ஒரு பக்கம், டீக்ஸ் இன்னொரு பக்கம், முன்பின் தெரியாத குவாண்டம் நிலையை அச்சு அசலாக நகலெடுக்கவே முடியாது என்று காட்டினார்கள். லேசர் பெருக்கும்போது தானாக உமிழும் ஃபோட்டான்களும் கலந்து நகலைக் கெடுத்துவிடும்.

புராஜெக்டை விட வேண்டாம், கொஞ்சம் திருப்புங்கள். பைத்தான் என்ற கணினி மொழியில், ஃபோட்டானுக்கு ஒன்றாக இரண்டு தனித்தனி நிரல் எழுதுங்கள். கோணத்தைக் கொடுத்தால் ஒவ்வொன்றும் 'கடக்கும்' அல்லது 'கடக்காது' என்று விடை சொல்ல வேண்டும். ஜோடி பிரியும்போது இரண்டுக்கும் ஒரே ரகசியக் குறிப்பைக் கொடுக்கலாம், ஆனால் ஒன்றின் கோணம் மற்றதற்குத் தெரியக் கூடாது. கோணம் ஒன்றாக இருந்தால் 100 சதவீதமும், 45 டிகிரி வித்தியாசத்தில் 50 சதவீதமும் விடைகள் பொருந்த வேண்டும். இப்போது வித்தியாசத்தை 22.5 டிகிரி ஆக்கிப் பாருங்கள். என்ன தந்திரம் செய்தாலும் சராசரி 75ஐத் தாண்டாது. குவாண்டம் கணக்கு சொல்வது சுமார் 85. இயற்பியலாளர் ஜான் பெல் 1964இல் கண்டுபிடித்தது, ரகசியக் குறிப்புக்கும் குவாண்டம் கணக்குக்கும் நடுவே உள்ள இந்த வகை இடைவெளியைத்தான்.