மலாயில் 'ரொம்ப' என்று அழுத்திச் சொல்வது எப்படி?

'ரொம்ப சூடு' என்பதை மலாயில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பானாஸ் என்றால் சூடு. 'ரொம்ப' என்று பொருள்படும் 'சங்ஙாட்' முன்னால் வரும்: சங்ஙாட் பானாஸ். அதே பொருள் தரும் 'செகாலி' பின்னால் வரும்: பானாஸ் செகாலி. இந்த இடம் மாறினால் நெருடும். ஆனால் மலேசியப் பேச்சு வழக்கில் 'பானாஸ் சங்ஙாட்' என்றும் காதில் விழும். அதில் 'தாங்கலப்பா' என்ற சலிப்பு தொனிக்கும். வியந்து சொல்ல, 'ஞா' ஒட்டினால் போதும்: பானாஸ்ஞா!

எனக்குப் பிடித்தது நிறங்கள்தான். நம் கன்னங்கரேல் போல அங்கே 'ஹீத்தாம் லெகாம்'. வெள்ளை வெளேருக்கு 'பூத்தே மெலெபாக்'. கும்மிருட்டா? 'கெலாப் கெலீத்தா'. இந்த ஜோடிகளை மாற்றிப் போடாதீர்கள். லெகாம் கறுப்போடுதான் சேரும். 'தெர்லாலு' மட்டும் ஜாக்கிரதை: அது 'அளவுக்கு மீறி'. சமைத்தவரிடம் 'தெர்லாலு பெடாஸ்' என்றால், காரம் கூடிவிட்டது என்று குறை சொன்னதாகிவிடும்.