மணவாளன் தாமதித்தால்...

கேள்வி: கிறிஸ்துவின் வருகை இந்த ஆண்டுக்குள் நிச்சயம் என்று ஜெபக்குழுவில் ஒருவர் சொன்னதால், பிள்ளைகளின் படிப்புக்காகக் கட்டிவரும் சீட்டை நிறுத்திவிடலாம் என்கிறார் என் கணவர். இதுதான் ஆயத்தமா?
- வாசகி, தாராவி, மும்பை

பதில்: வேண்டாம், சகோதரி. சீட்டை நடுவில் விட்டால் கூட இருப்பவர்களுக்குக் கொடுத்த வாக்கும் தவறிப்போகும். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறொருவரும் அறியார் என்று மத்தேயு 24:36-இல் இயேசுவே சொல்லியிருக்க, நாள் குறிப்பவர் எந்தத் துணிவில் குறிக்கிறாரோ! அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற போதகரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22-இல் கிறிஸ்து வருவார் என்று நம்பி, சிலர் விளைந்த பயிரைக்கூட அறுக்காமல் காத்திருந்து ஏமாந்தார்கள். ஆதிச் சபைகளில் ஒன்றான தெசலோனிக்கேயரில் சிலர் வேலையை விட்டுத் திரிந்தபோது, வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்றார் அப்போஸ்தலனாகிய பவுல். அவரே கூடாரம் செய்து பிழைத்தவர்.

மணவாளனை எதிர்கொள்ள விளக்கோடு போன பத்துக் கன்னிகைகளைப் பற்றி இயேசு சொன்ன உவமையில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: மணவாளன் தாமதித்தபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள். தாமதம் நேரக்கூடும் என்று எண்ணிப் பாத்திரத்தில் எண்ணெயும் கொண்டுபோனதால்தான் ஐந்து பேர் புத்தியுள்ளவர்கள் ஆனார்கள். அந்த எண்ணெயை மற்ற ஐவரால் நள்ளிரவில் கடனாகப் பெற முடியவில்லை. அன்றாட ஜெபமும், பேசாதிருக்கும் உறவினரோடு ஒப்புரவாவதும் அப்படிப்பட்டவையே. அவற்றை இன்றே தொடங்குங்கள், சீட்டும் நடக்கட்டும்.