இலவச இயற்பியல் எஞ்சின்கள்: கேள்வி பதில்

கேள்வி: தனியாளாக ஒரு 2டி விளையாட்டை உருவாக்கி வருகிறேன். பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் கணக்கிடும் இயற்பியல் எஞ்சின்களில் எந்த இலவச எஞ்சினில் தொடங்கலாம்?

பதில்: பாக்ஸ்2டி-யில் தொடங்குங்கள். எரின் கேட்டோ எழுதிய இந்த எஞ்சின்தான் ஆங்ரி பேர்ட்ஸ் விளையாட்டில் கட்டைகள் சரிந்து விழும் கணக்கைப் போட்டது. எம்ஐடி உரிமத்தில் கிடைப்பதால், உரிம வாசகத்தை உடன் சேர்த்துவிட்டு விளையாட்டை விலைக்கும் விற்கலாம். 2024-இல் வெளியான மூன்றாம் பதிப்பு சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. ஆகவே பழைய சி++ பாடங்களில் உள்ள நிரல் அதில் அப்படியே ஓடாது.

கேள்வி: பாக்ஸ்2டி-யில் என் பெட்டி 64 அலகு அகலம் கொண்டது. கீழே விழும்போது பலூன் போல மிதந்து இறங்குகிறது. ஈர்ப்பைக் கூட்டியும் சரியாகவில்லை.

பதில்: ஈர்ப்பைப் பழைய மதிப்பிலேயே விட்டுவிடுங்கள், பிழை அலகில் இருக்கிறது. நீங்கள் பிக்ஸலை நினைத்துக் கொடுத்த 64-ஐ எஞ்சின் 64 மீட்டர் என்றே எடுத்துக்கொள்கிறது. இருபது மாடி உயரமுள்ள ஒரு பெட்டி விழுவதைத் தொலைவில் நின்று பார்த்தால் மெதுவாகத்தான் தெரியும். வேகத்துக்கும் எஞ்சினில் ஓர் உச்சவரம்பு உண்டு என்பதால், ஈர்ப்பைக் கூட்டுவதால் ஓர் எல்லைக்கு மேல் பயனில்லை. நகரும் பொருள்கள் 0.1 முதல் 10 மீட்டருக்குள் இருக்கும்போதுதான் பாக்ஸ்2டி நன்றாக இயங்கும். 64 பிக்ஸலை ஒரு மீட்டராகக் கொண்டு, கணக்கு முழுவதையும் மீட்டரில் வைத்து, திரையில் வரையும் இடத்தில் மட்டும் பிக்ஸலுக்கு மாற்றுங்கள். எஞ்சின் மீது சொல்லப்படும் குறைகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்தில் தீர்ந்திருக்கின்றன.

கேள்வி: ஒவ்வொரு கணினியிலும் நாயகன் தாவும் உயரம் வேறுபடுகிறதே?

பதில்: ஃப்ரேமுக்கு, அதாவது திரையில் ஒரு படம் வரைய, ஆகும் நேரத்தையே எஞ்சினுக்குக் கொடுக்கிறீர்கள் என்று தெரிகிறது. அது கணினிக்குக் கணினி மாறும். கழிந்த நேரத்தை ஒரு மாறியில் சேர்த்துவைத்து, அதில் 1/60 வினாடி சேரும்போதெல்லாம் எஞ்சினின் கணக்கை ஒரு படி முன்னே நகர்த்துங்கள். மீந்த நேரத்தின் விகிதப்படி, கடைசி இரண்டு நிலைகளுக்கு இடையில் உருவத்தை வரைந்தால் அசைவும் வெட்டி வெட்டித் தெரியாது.

கேள்வி: 3டி-க்கு எது? விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோவில் என் தோட்டா சுவரைக் கடந்துவிடுகிறது.

பதில்: ஜோல்ட், அதுவும் எம்ஐடி உரிமம்தான். 2025-இல் வந்த கோடோ 4.4 முதல் உடன் வருகிறது, திட்ட அமைப்பில் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் எஞ்சினை மாற்றுவதால் மட்டும் தோட்டா நிற்காது. வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் அது 1/60 வினாடி கொண்ட ஒரு படிக்கு 5 மீட்டர் தாவுவதால், 20 சென்டிமீட்டர் சுவர் இரண்டு நிலைகளுக்கும் நடுவில் தப்பிவிடுகிறது. தோட்டாவுக்கு மட்டும், இரண்டு நிலைகளுக்கு நடுவில் உள்ள பாதையையும் சோதிக்கும் தொடர் மோதல் கண்டறிதலை இயக்குங்கள். தோட்டா கண்ணுக்கே தெரியாத வேகம் என்றால், பொருளை விட்டுவிட்டு ஒரு கதிரை, அதாவது கற்பனையான நேர்கோட்டை, செலுத்தி அது முதலில் படும் இடத்தைக் கேட்டுப் பெறுங்கள்.