இறங்கும்போது நிற்குமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 27. வேலை ஹட்டனில், வீடு தலவாக்கலைக்கு மேலே தோட்டத்தில், பிரதான வீதியிலிருந்து இரண்டு கிலோமீற்றர் கல்பாதை. கண்டியில் ஒருவர் 1996ஆம் ஆண்டு டொயோட்டா சைனோஸ் ஒன்றை 19 இலட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். 1.3 எஞ்சின், ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திய கார், பதிவுப் புத்தகம் இன்னும் பழைய உரிமையாளர் பெயரில். என்னிடம் 24 இலட்சம் இருக்கிறது. மிச்சத்தில் ஸ்டார்லெட் கிளான்சாவின் டேர்போ எஞ்சினைப் போட்டுவிடலாம், நுவரெலியாவின் மெலிந்த காற்றில் அதுதான் ஏறும் என்கிறார்கள் நண்பர்கள். அம்மா ஆல்ட்டோ வாங்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, நண்பர்கள் சொல்லும் காற்றுக் கணக்கு சரிதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் 85 குதிரைவலு தரும் சாதாரண எஞ்சின் அங்கே 70ஐ ஒட்டித்தான் தரும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டேர்போ இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். கிளான்சாவின் எஞ்சின் 135 குதிரைவலு. சைனோஸில் இருப்பதும் அதே குடும்பத்து எஞ்சின், ஆகவே பொருந்தவும் செய்யும்.

எல்லாம் சரி, எங்கே கொண்டுபோய் ஓட்டப் போகிறீர்கள்? ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரும் வழியில் உங்களுக்கு முன்னால் ஒரு கொழுந்து லொறி போகும். அதற்கு முன்னால் ஒரு பஸ் போகும். அதற்கும் முன்னால் முச்சக்கர வண்டி ஒன்று தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். 135 குதிரையும் அவற்றின் பின்னால் வரிசையில் நிற்கும்.

நம் ஊரில் காருக்குச் சோதனை இறக்கத்தில்தான். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்குப் போனால் 1,300 மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. பனியும் மழையுமான நம் பக்கத்தில் அதற்கு ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டொட் 3 என்ற தரத்துப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அதே எண்ணெய்க்கு உள்ள உத்தரவாதம் 140 பாகைதான். வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தால் சூடு எண்ணெய்க்கு ஏறி, அது கொதித்து, குழாயில் ஆவிக்குமிழி சேரும். அப்போது மிதியை அழுத்தினால் கால் தரைவரை போகும், கார் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு பேர் இறந்தது உங்கள் வீட்டிலிருந்து எட்டிய தூரத்தில். அந்த இறக்கத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சைனோஸின் பிரேக், அதனுடைய சிறிய எஞ்சினுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. டேர்போ போட்டால் பிரேக், கியர்ப்பெட்டி, ரேடியேட்டர், கணினிப் பெட்டி என்று ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லி மெக்கானிக் உங்களைக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார். ஐந்து இலட்சம் பாதி வழியில் தீரும். மீதிப் பாதிக்குக் கார் கராஜ் மூலையில் தூசி குடிக்கும். எஞ்சின் இலக்கம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். காப்புறுதிக்காரருக்குச் சொல்லாமல் மாற்றினால், விபத்து நடந்த அன்று அவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான்.

தாழ்த்திய ஸ்பிரிங்கைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, கொஞ்சம் வெட்கமும் உண்டு. இளவயதில் ஒரு பழைய கூப்பேயைத் தரையோடு தரையாக்கி, திம்புளைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கல்யாணத்துக்குப் போனேன். பாதி வழியில் எஞ்சினின் எண்ணெய்த் தட்டு கல்லில் இடித்துப் பிளந்தது. கொழுந்து ஏற்றும் டிராக்டர்தான் என்னை மணப்பந்தல் வரை இழுத்துச் சென்றது. மாப்பிள்ளையைவிட என்னைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். உங்கள் வீட்டுப் பாதை இரண்டு கிலோமீற்றர் கல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெட்டிய ஸ்பிரிங்கைக் கழற்றி, அந்தக் காருக்குரிய அசல் உயரத்து ஸ்பிரிங்கைப் போடும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

இனி விலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து இந்த நாட்டில் பழைய இரும்புக்குக்கூடத் தங்க விலை. 2025இல் மறுபடி திறந்தும் வரி காரணமாகப் புதியவை கைக்கு எட்டவில்லை. அப்படிப்பட்ட சந்தையில் ஒருவர் மலிவாகத் தருகிறார் என்றால் காரணம் காரிலோ காகிதத்திலோ இருக்கும். புத்தகத்தில் பெயருள்ளவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். அவர் வெளிநாட்டில் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். தரைவிரிப்பைத் தூக்கி, டிக்கிக்குள் உதிரிச் சக்கரக் குழியைப் பார்த்து, கதவின் அடிவிளிம்பில் ஒரு சிறிய காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய புட்டிதான்.

இவற்றில் தேறினால் வாங்குங்கள். ஆம், வாங்கத்தான் சொல்கிறேன். 27 வயதில் இரண்டு கதவுக் காரின் மேல் ஆசைப்படாதவர் பிறகு எப்போது ஆசைப்படுவார்? சைனோஸில் ஒரு நல்ல குணமும் உண்டு: ஸ்டார்லெட், கோர்சா கார்களின் பாகங்கள் பல இதற்கும் பொருந்தும், ஆகவே உதிரிப்பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து இலட்சத்தில் முதலில் பிரேக் எண்ணெய், ரப்பர் குழாய்கள், பேட், டிரம் ஷூ எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். அடுத்தது டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2316 என்றால் 2016இன் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் மேல்வரிகளான பூ எவ்வளவு இருந்தாலும் அந்த வயது டயர் ஈரவீதியைப் பிடிக்காது. ரேடியேட்டர் மூடியையும் மாற்றுங்கள், சிறிய செலவுதான். நுவரெலியாவில் பருப்பு வேக நேரமெடுப்பது ஏன் என்று அம்மாவைக் கேளுங்கள்: அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். அழுத்தம் பிடிக்காத மூடியோடு ஏறினால் எஞ்சின் தண்ணீருக்கும் அதே கதி.

மிச்சத்தைத் தொடாமல் ஒரு வருடம் அப்படியே ஓட்டுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் வரப் பழகுங்கள். அதன் பிறகும் வேக ஆசை அடங்காவிட்டால் ஏப்ரலில் நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியைப் போய்ப் பாருங்கள். எதிரே பஸ் வராத பாதையில் ஓடுகிறவர்கள் காரில் என்னென்ன மாற்றியிருக்கிறார்கள் என்று அவர்களையே கேட்கலாம்.

அம்மா சொல்வதிலும் நியாயமுண்டு. முன் இருக்கையை மடக்கிப் பின்னால் ஏற அவர் முழங்கால் இடம் தராது. முன் இருக்கை அவருக்கென்று இப்போதே சொல்லிவிடுங்கள், நண்பர்கள் பின்னால் குந்தட்டும்.

கண்டிக்குக் காலையில் போங்கள், ‘வருகிறேன், எஞ்சினை இயக்காமல் வையுங்கள்’ என்று முதல் நாளே சொல்லிவிட்டு. போனதும் பொனட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், ஏதோ ஒன்றை மறைக்கத்தான் முன்கூட்டியே சூடாக்கியிருக்கிறார்கள். ஒரு தேநீர் குடித்துவிட்டு ஹட்டன் பஸ்ஸைப் பிடியுங்கள்.