7,280 கோடி ரூபாய் காந்தத் திட்டம்: சிறு மோட்டார் தொழிற்சாலைக்கு அதில் என்ன இருக்கிறது?

கோவை கணபதியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “சோலார் பம்புக்கான பி.எல்.டி.சி. மோட்டார் (காந்தம் வைத்த, பிரஷ் இல்லாத மோட்டார்) செய்கிறோம். 2025 ஏப்ரலில் சீனா காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து மேக்னெட் வரத்து தாறுமாறாகிவிட்டது. மத்திய அரசு 7,280 கோடி ரூபாய் ஒதுக்கியிருப்பதாகப் படித்தேன். எங்களைப் போன்ற சிறு தொழிற்சாலை விண்ணப்பிக்க முடியுமா? இந்திய மேக்னெட் எப்போது கைக்கு வரும்? அதுவரை என்ன செய்வது?”

முதல் கேள்விக்கு நேரான பதில்: முடியாது. 2025 நவம்பர் 26 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அந்தத் திட்டம், அருமண் (ரேர் எர்த்) தனிமங்களின் ஆக்சைடை உலோகமாக்கி, உலோகத்தை உலோகக்கலவையாக்கி, அதிலிருந்து காந்தம் செய்வதுவரை எல்லாவற்றையும் தானே செய்யும் நிறுவனங்களுக்கானது. உலக அளவிலான டெண்டர் மூலம் ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 1,200 டன், மொத்தம் 6,000 டன். ஆலை கட்ட இரண்டு ஆண்டு, பிறகு ஐந்து ஆண்டு ஊக்கத்தொகை. இந்தத் திட்டத்தில் உங்கள் இடம் வாடிக்கையாளர் இடம்தான். என் கணக்கில் 2028க்கு முன் அந்தக் காந்தத்தை நம்பி நீங்கள் ஆர்டர் எடுக்கக் கூடாது.

ஒதுக்கிய பணத்தில் 750 கோடிதான் முதலீட்டு மானியம். 6,450 கோடி, காந்தத்தை விற்றுக் காட்டினால் தரும் ஊக்கத்தொகை. இதற்குக் காரணம் உண்டு. உலகின் காந்த உற்பத்தியில் 90 சதவீதம் அளவுக்குச் சீனாவிடம் இருக்கிறது. புதிய ஆலை ஒன்று தலைதூக்கும் நேரத்தில் விலையைக் குறைத்தால் போதும், அது படுத்துவிடும். அமெரிக்கா இதற்கு வேறு வழி எடுத்தது. 2025 ஜூலையில் எம்.பி. மெட்டீரியல்ஸ் என்ற அமெரிக்க அருமண் நிறுவனத்தில் பாதுகாப்புத் துறையே பங்கு வாங்கி, காந்தத்தின் மூலப்பொருளான நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோ 110 டாலருக்குக் கீழே போகாது என்று பத்து ஆண்டுக்கு அடிவிலை உறுதி கொடுத்தது. அடிவிலை உறுதிதான் வலுவான பாதுகாப்பு என்பது என் கருத்து. நம்முடைய ஊக்கத்தொகை ஐந்து ஆண்டில் முடிந்த பிறகு இந்திய ஆலைகள் விலைப்போட்டியில் நிற்குமா என்ற கவலை எனக்கு உண்டு.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. நம் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் நியோடிமியம், பிரசியோடிமியம் போன்ற இலகு அருமண் தனிமங்கள் நிறைய. கன அருமண் தனிமங்களான டிஸ்புரோசியம், டெர்பியம் மிகக் குறைவு. சூட்டைத் தாங்கும் காந்தத்துக்கு அந்த இரண்டும்தான் வேண்டும். 2010இல் சீனா அருமண் தர மறுத்துக் கைவிரித்ததும் ஜப்பான் விழித்துக்கொண்டு, மறு ஆண்டே ஆஸ்திரேலியாவின் லைனஸ் என்ற அருமண் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தது. அந்த லைனஸ் மலேசிய ஆலையில் டிஸ்புரோசியத்தைப் பிரித்தெடுத்தது 2025 மே மாதத்தில்தான். ஆகவே இந்தியக் காந்தம் வந்தாலும், உயர்சூட்டு ரகத்துக்கு வெளிநாட்டை நம்பும் நிலை சில காலம் தொடரும்.

மோனசைட்டில் கதிர்வீச்சுள்ள தோரியமும் இருப்பதால் அதைத் தோண்டுவது அரசின் கையில்தான் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். ஆலை பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. அதே மாவட்டத்தின் கிள்ளியூர் பகுதியில் மேலும் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ கிராமங்கள் எதிர்க்கின்றன. நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லி அவர்கள் கேட்கும் கதிர்வீச்சுக் கேள்விகளைத் தள்ளிவிடக் கூடாது.

சரி, உங்கள் பட்டறைக்கு வருவோம். முதல் வேலை, நீங்கள் வாங்கும் காந்தத்தின் ரகத்தைப் பார்ப்பது. சீனாவின் 2025 ஏப்ரல் 4 அறிவிப்பு எல்லா நியோடிமியம் காந்தத்தையும் கட்டுப்படுத்தவில்லை. டிஸ்புரோசியமோ டெர்பியமோ கலந்த காந்தத்துக்கும் சமாரியம்-கோபால்ட் காந்தத்துக்கும்தான் ஏற்றுமதி உரிமம் கேட்கிறது. ரகப் பெயரில் என்42 என்று வெறுமனே இருந்தால் 80 டிகிரி வரை சூடு தாங்கும். பின்னால் எம் என்று எழுத்து சேர்ந்தால் 100, எச் 120, எஸ்.எச். 150, யு.எச். 180. மேலே போகப் போக டிஸ்புரோசியம் சேரும் வாய்ப்பு அதிகம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எஸ்.எச். போடுவது நம் ஊரில் பழக்கம். போர்வெல்லில் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் மோட்டாருக்கு அது உண்மையில் தேவையா?

தெரிந்துகொள்ள ஒரு சோதனை போதும். ரோட்டாரை (காந்தம் பதித்த சுழலும் பகுதி) வேறொரு மோட்டாரால் ஒரே வேகத்தில் சுற்றி, வைண்டிங்கில் வரும் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மோட்டாரை அது எட்டக்கூடிய மிக மோசமான சூட்டுக்குக் கொண்டுபோய், கன்ட்ரோலர் விடக்கூடிய உச்சபட்ச கரன்ட்டை, வைண்டிங்கின் புலம் காந்தத்தை எதிர்க்கும் நிலையில் ரோட்டாரை நகராதபடி பிடித்துக்கொண்டு செலுத்துங்கள். ஆறிய பின் அதே வேகத்தில் மறுபடி அளந்து பாருங்கள். வோல்டேஜ் அப்படியே இருந்தால் காந்தம் தாங்கிவிட்டது. குறைந்திருந்தால் அந்த ரகம் ஆகாது, அல்லது கன்ட்ரோலரில் கரன்ட் வரம்பைக் குறைக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் உடனே நிறுத்தும் வசதியும் கன்ட்ரோலரில் கட்டாயம் இருக்கட்டும். இப்படி ஒரு படி கீழான ரகத்துக்கு இறங்க முடிந்தால், சப்ளையரிடம் டிஸ்புரோசியம், டெர்பியம் இல்லை என்று கலவைச் சான்றை எழுத்தில் வாங்குங்கள். உரிமப் பிரச்சினையே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இறங்க முடியாது என்றால் காகித வேலைதான். உரிமத்துக்கு விண்ணப்பிப்பது சீன ஏற்றுமதியாளர். பரிசீலனைக்கு 45 வேலை நாள் வரை ஆகலாம். இறுதிப் பயனாளர் சான்று மட்டும் உங்கள் பெயரில் வேண்டும்: காந்தம் எந்தப் பொருளுக்குள் போகிறது, ராணுவப் பயன்பாடு இல்லை, மறு ஏற்றுமதி இல்லை என்று. சென்னையிலோ மும்பையிலோ வியாபாரி மூலம் வாங்கினாலும் உண்மையான பயனாளர் நீங்கள்தான் என்பதால், அவர் நீட்டும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பயன்பாட்டை விளக்கும் படம் கொடுக்கலாம். முழு ட்ராயிங்கையும் வாடிக்கையாளர் பட்டியலையும் கொடுக்க வேண்டாம். சீனா 2025 அக்டோபரில் அறிவித்த கூடுதல் கட்டுப்பாடுகளை ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தது உண்மை. ஏப்ரல் கட்டுப்பாடு அதில் சேராது.

முழு மோட்டாராகவே இறக்குமதி செய்துவிடலாமே என்று சிலர் யோசிக்கிறார்கள். விவசாயிகளுக்கு மானியத்தில் சோலார் பம்பு தரும் பி.எம். குசும் திட்டத்துக்கு விற்பவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். மோட்டாரும் பம்பும் கன்ட்ரோலரும் உள்நாட்டில் செய்தவையாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

அப்புறம் மாற்று மோட்டார். அருமண் கலக்காத பெரைட் காந்தம் மலிவு, கட்டுப்பாடும் இல்லை. ஆனால் அதன் காந்தப்புலம் நியோடிமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதே இழுவைக்கு மோட்டார் பெரிதாகும். தரைமேல் வைக்கும் மோனோபிளாக் பம்புக்கு இது சரிப்படும். நாலு இஞ்ச் போர்வெல்லில் விட்டம் கூட்ட இடமில்லை, நீளம்தான் கூடும். அங்கே கோவைக்குக் கைவந்த இண்டக்ஷன் மோட்டாரையே டிரைவ் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) வைத்து ஓட்டலாம், காந்தமே வேண்டாம். குசும் விதிகளில் இப்படிப்பட்ட ஏ.சி. பம்புக்கு என்று தனி அளவீடு இருக்கிறது. அதே பேனலுக்குத் தண்ணீர் சற்றுக் குறையும், ஆனால் உங்கள் உற்பத்தி நிற்காது. இந்த இரண்டு மாற்று மாடலுக்கும் இப்போதே சோதனைச் சான்று வாங்கி வைத்துவிடுங்கள். மேக்னெட் வராத மாதத்தில் அதற்கு அலைந்தால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

டெண்டரில் தேர்வாகும் ஐந்து நிறுவனங்களின் பெயர் வந்ததும் சும்மா இருக்காதீர்கள். கோவையில் உங்களைப் போன்ற பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, எந்த அளவு, எந்த ரகம், ஆண்டுக்கு எத்தனை கிலோ என்று ஒரே பட்டியலாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். தனித்தனியாகப் போனால் கார் கம்பெனிகளின் ஆர்டருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டிவரும்.