உதறினால் போகிறது

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். வயது 31. நான்கு மாதங்களாக எனக்குப் பாரெஸ்தீசியா இருக்கிறது, முக்கியமாக வலது கையில். கெண்டைக்காலில் ஃபாசிகுலேஷன். சில இரவுகளில் பால்பிட்டேஷன். அரசு கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கிறதாம். நரம்பு நிபுணரைப் பார்க்க இன்னும் ஏழு வாரம். இரவு இரண்டு மணி வரை கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் எம்எஸ் என்று தோன்றுகிறது, மறுநாள் ஏஎல்எஸ். இரண்டும் பெரிய நரம்பு நோய்கள். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. தனியார் மருத்துவமனைக்குப் போய்விடலாமா? இந்தக் காத்திருப்பைக் கடக்க ஏதாவது புத்தகம் சொல்ல முடியுமா?

முகிலன்

அன்புள்ள முகிலன்,

போன வாரம் அம்மாவுக்குத் திதி கொடுத்தோம். அவர் கையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

புத்தகம் எதுவும் வேண்டாம். இரண்டு மணி வரை விழித்திருக்கும் மனுஷனுக்குத் தேவை தூக்கம். தனியாருக்குப் போக வசதி இருந்தால் போங்கள், இல்லையென்றால் கடன் வாங்கிப் போகாதீர்கள். உங்களை நேரில் பார்த்த டாக்டர் உடனே அனுப்ப வேண்டிய அவசரம் எதையும் காணாததால்தான் ஏழு வாரம் தள்ளித் தேதி கிடைத்திருக்கும். ஆனால் திடீரென்று ஒரு பக்கம் கைகால் வராமல் போனாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ தேதியைப் பார்க்காதீர்கள். உடனே 999. மனைவியிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள். நீங்கள் விழித்திருப்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் கைக்கு என்ன செய்கிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பாரெஸ்தீசியா என்று எழுதியிருக்கிறீர்கள், உணர்ச்சி மாறிப்போவதற்கு டாக்டர்கள் வைத்த பெயர். அது உங்கள் கையிலிருந்து வந்த சொல் இல்லை, கைப்பேசியிலிருந்து வந்தது. கை என்ன சொல்கிறது? மரத்துப்போகிறதா, மதமதக்கிறதா, எறும்பு ஊர்கிறதா, எரிகிறதா? இவை நான்கும் ஒன்றல்ல. மரத்துப்போனால் தொட்டது தெரியாது. மதமதத்தால் தெரியும், ஆனால் துணிக்கு மேலே தொட்ட மாதிரித் தெரியும். குத்தல் வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, உளைச்சல் வேறு. வண்டி வண்டியாக நம்மிடம் இருக்கும் சொற்களை விட்டுவிட்டு நோயின் பெயரை வலிக்கு வைத்தால், அந்தப் பெயரோடு அதன் சொந்தபந்தம் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். ஃபாசிகுலேஷன் என்று தேடினால் ஏஎல்எஸ் வராமல் என்ன செய்யும்? 'கெண்டைக்கால் சதை துடிக்கிறது' என்று உங்கள் பாட்டியிடம் சொல்லியிருந்தால், ராத்திரி ஒழுங்காகத் தூங்கினாயா, எத்தனை கோப்பி குடித்தாய் என்று கேட்டிருப்பார். அது சரியான கேள்வி. தூக்கம் கெட்டாலும் கோப்பி கூடினாலும் சதை துடிக்கும். பயத்தில் மூச்சை வேகமாக இழுத்துவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் கூசும். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை. எது எப்போது வருகிறது என்று நீங்கள் கவனிக்கவே இல்லை என்றுதான் சொல்கிறேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று சொல்ல வேண்டும்.

1981. பினாங்குப் பாலம் வரவில்லை, அது 1985இல்தான் திறந்தது. சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மா பால் வெட்டுக்குப் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. வலது கையில் ஏதோ கோளாறு. தோட்டத்து டிரஸ்ஸர் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, பினாங்குத் தீவுக்குப் போய்க் காட்டச் சொல்லிக் கடிதம் தந்தார். பஸ் பிடித்துப் பட்டர்வொர்த், அங்கிருந்து படகு. மலாய் பேச ஆள் வேண்டும் என்று ஆறாம் வகுப்புப் படித்த என்னைக் கூட்டிப்போனார். முதல் தடவை படகில் போகும்போது, "ஜெரெஜாக் தீவு எந்தப் பக்கம்டா இருக்கு?" என்று கேட்டார். தெற்கே கையைக் காட்டினேன். பள்ளியில் படித்ததைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்த பெருமை எனக்கு. ஒரு காலத்தில் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் வைத்த தீவு அது என்பது தெரிந்தும், அம்மா ஏன் கேட்டார் என்று எனக்கு உறைக்கவில்லை.

டாக்டர் என்ன என்று கேட்டார். அம்மா என்னிடம், "ராத்திரியில கை மதமதன்னு ஆயிடுதுன்னு சொல்லு. எழுந்து உதறுனா போயிடுது. அப்புறம் உளையுது. உளி பிடிச்சா விரலு பிடிமானம் இல்ல" என்றார். மதமதப்புக்கு மலாயில் என்ன? உளைச்சலுக்கு? எனக்குத் தெரியவில்லை. "தாங்ஙான் சாக்கிட், டாக்டர்" என்றேன். கை வலி, அவ்வளவுதான். வலி மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதத்தில் மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் நான் சாக்கிட் என்றேன், மூன்று தடவையும் மாத்திரை.

அந்த மாதங்களில் ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். அம்மா அடுப்படியில் மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேலைக்குக் குத்தும் ஊக்கைத் திறந்து, அதன் முனையால் கட்டைவிரலை அழுத்தினார். அப்புறம் ஆள்காட்டி விரல். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார். விரல் நுனிகளில் பொட்டுப் பொட்டாக ரத்தம். என்னைப் பார்த்ததும், முள் குத்திவிட்டது என்றார்.

நீங்களும் ஏதாவது ஒன்றால் உங்கள் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள், முகிலன். இல்லையென்று சொல்லாதீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். அரைமணிக்கு ஒருதரம் குத்திய விரல் எப்படிச் சாதாரணமாக இருக்கும்?

நான்காவது தடவை டாக்டருடன் ஒரு தமிழ் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், இருந்தார். அம்மா என்னிடம் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. என்னை ஒதுக்கிவிட்டு நேராக அம்மாவிடம் கேட்டார். "உதறுனா போயிடுதா?" ஆமாம். "எந்தெந்த விரலு?" அம்மா கட்டைவிரலில் தொடங்கிக் காட்டினார். "சுண்டுவிரலு?" அது நல்லாத்தான் இருக்கு. மிஸ்ஸி திரும்பி டாக்டரிடம் சொன்னார். டாக்டர் உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் இரண்டு மணிக்கட்டையும் கீழ்நோக்கி மடக்கி, புறங்கையோடு புறங்கை ஒட்டினாற்போல ஒரு நிமிஷம் பிடிக்கச் சொன்னார். நிமிஷம் முடியுமுன் வலது கை மதமதத்துவிட்டது. மணிக்கட்டின் குறுகலான வழியில் நரம்பு நசுங்குகிறது என்றார். இரவில் மணிக்கட்டை நேராக வைத்துக் கட்டிக்கொள்ள ஒரு கட்டை கொடுத்தார்கள்.

அம்மா மிஸ்ஸியைத் தனியே அழைத்து, குரலே வராமல் ஒன்று கேட்டார். மிஸ்ஸி அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அது இல்லக்கா" என்றார்.

படகில் திரும்பும்போது அம்மா கேட்டார், "உதறுனா போயிடுதுன்னு நான் முதல் நாளே சொன்னேனே, நீ ஏன்டா சொல்லல?"

அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நீங்கள் படித்தவர், உங்களுக்கு மலாயும் ஆங்கிலமும் தெரியும், நடுவில் மொழிபெயர்க்க ஒரு சின்னப் பையன் தேவையில்லை. அப்படியிருந்தும் அவன் செய்ததையே உங்கள் கைக்குச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். நாளுக்கு ஒரு தடவை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், நாலு வரி போதும். எந்தக் கை, எந்த விரல், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எதனால் விட்டது. நோயின் பெயர் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. எழுதியதும் நோட்டை மூடி வைத்துவிடுங்கள், மறுநாள் வரை திறக்க வேண்டாம். ஏழு வாரம் கழித்து அதை நிபுணரின் மேசையில் வையுங்கள்.

கைப்பேசியை இரவில் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். அப்புறம், சுண்டுவிரலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு எழுத வேண்டாம், நோட்டில் எழுதுங்கள்.